காலியிடத்தில் ஒரு படிக்கட்டு

மச்சினன் காலேப் வைத்துவிட்டுப் போன வீட்டு வரைபடத்தை தயாளன் மேசைமேல் விரித்து, சுருளாமல் இருக்க நாலு மூலையிலும் டம்ளர் வைத்து, வெகுநேரம் முறைத்துப் பார்த்தார். முறைத்ததில் படம் ஒன்றும் மாறவில்லை. பக்கத்து மனைக்கும் வீட்டுக்கும் நடுவே சட்டப்படி காலியாக விடவேண்டிய இடத்தில் ஒரு படிக்கட்டு கூச்சமே இல்லாமல் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கையெழுத்துப் போட்டாச்சா?" சமையலறையிலிருந்து மனைவி ஜெரூஷா கேட்டாள்.

"பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"பார்க்க என்ன இருக்கு? என் தம்பி வீடு."

பிரச்சினையே அதுதான். வேறு யாராவது என்றால் காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அஸ்தினாபுரத்தில் தயாளன் பேர்போன இன்ஜினியர். காகிதத்தில் சட்டப்படி இடம் விட்டு, தரையில் வீட்டுக்காரர் ஆசைப்படி கட்டித் தருவது அவருக்குக் கைவந்த கலை. ஜெரூஷா பக்கத்துச் சொந்தத்தில் அவர் கையெழுத்து இல்லாத வீடே கிடையாது. அந்தக் காலத்தில் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், அவரும் ஒரு கையெழுத்துப் போடுவார். ஏதாவது என்றால் பழியை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொள்ளலாம். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சின்ன வீட்டுக்கு அதிகாரி வருவதில்லை. பதிவு பெற்ற இன்ஜினியரே 'எல்லாம் விதிப்படி' என்று உறுதி சொல்லவேண்டும். பிற்பாடு யாராவது டேப்பை வைத்து அளந்து இடம் குறைந்தால் அவருடைய பதிவு ரத்து. தெரிந்தவர் ஒருவருக்கு அப்படி ஆகி, அவர் இப்போது டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மச்சினனிடம் முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்ன பிறகு ஜெரூஷாவோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டுமே.

"எல்லைக்கல் சரியா இருக்கான்னு தெரியலம்மா. சர்வேயர் அளந்து குடுத்தாத்தான் நான் கை வைக்க முடியும். புதுச் சட்டம்," என்றார். சர்வேயர் கிடைக்க எப்படியும் மாசக்கணக்காகும் என்று ஒரு நம்பிக்கை.

ஜெரூஷா போனை எடுத்தாள். அவளோடு வேலை பார்க்கும் டீச்சரின் வீட்டுக்காரர் பிரிட்டோ, லைசென்ஸ் வாங்கின சர்வேயர். மறுநாள் காலையிலேயே கீழ்க்கட்டளை மனையில் கருவியோடு வந்து நின்றார். கற்கள் எல்லாம் போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தன.

"அளவு கரெக்ட் சார். நீங்க தைரியமா கையெழுத்துப் போடலாம்," என்றார் பிரிட்டோ.

தயாளன் அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நேரே சேலையூருக்கு வண்டியை விட்டார். அங்கே அவருடைய வேலை ஒன்றில் வேலையாள் குணா கூரைக்கு அடியில் பிளாஸ்டரில் ஃபால்ஸ் சீலிங் போட்டுக்கொண்டிருந்தான். தயாளன் வலது கையை நீட்டினார்.

"இதுல கொஞ்சம் பிளாஸ்டர் பூசி விடு குணா."

"இன்னா சார், கை நல்லாத்தான கீது?"

"நல்லா இருக்கறதுதான் பேஜாரே."

குணா சீலிங்குக்குக் குழைத்ததில் கொஞ்சம் எடுத்து, துணி சுற்றி, விரல் நுனிவரை பூசினான். கைப்பழக்கத்தில் ஓரமாக ஒரு பூ டிசைனும் இழுத்துவிட்டான்.

சைட்டில் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதையைக் கேட்டு ஜெரூஷா பதறிப்போனாள். கண்ணெல்லாம் தண்ணீர். அதைப் பார்த்து தயாளனுக்கு நெஞ்சு உறுத்தியது. தட்டில் சோற்றைப் பிசைந்து அவளே ஊட்டிவிட்டாள்.

"நல்ல வேளைங்க, இப்பல்லாம் ஆன்லைன்தானாம். கையெழுத்தே வேண்டாம். உங்க போனுக்கு ஓடிபி வரும், நான் பார்த்துப் போட்டுடறேன்."

தயாளனுக்குப் புரையேறியது.

அன்று மாலை போன் துணி ஊறிய வாளிக்குள் விழுந்தது. இடது கையில் பிடித்தால் அப்படித்தான் என்று தயாளன் விளக்கினார். ஜெரூஷா சிம்மைக் கழற்றித் துடைத்துத் தன் பழைய போனில் போட்டாள்.

"ஆன்லைன்ல உள்ள போக உங்க பாஸ்வேர்டு சொல்லுங்க."

"மறந்து போச்சு."

ஜெரூஷா அவரை உற்றுப் பார்த்தாள். "விழுந்தப்போ தலையிலயும் அடிபட்டுச்சா?"

கை மட்டும் என்றிருந்தால் ஒரு ஜெபத்தோடு போயிருக்கும். தலை என்றதும் மாமியார் ரத்தினபாய் பையோடு வந்து இறங்கிவிட்டாள். சர்க்கரை வியாதிக்காரி. மாப்பிள்ளை தன் கையால் எழுதுகிறவரை பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று உபவாசம் உட்கார்ந்தாள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. போதகரும் வந்து கட்டின்மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்ததும் பூ டிசைனைக் கவனித்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி? வேலை நல்லா இருக்கே," என்றார்.

காலேப்பும் அவன் மனைவி சத்யபிரியாவும் பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள்.

"அத்தான், நம்ம வீட்டு வேலைக்கு அவசரமே இல்ல," என்றான் காலேப். "ஆறு மாசமானாலும் நல்லா ரெஸ்ட் எடுங்க. கட்டை மட்டும் சீக்கிரம் அவுத்துடாதீங்க."

இப்பேர்ப்பட்ட தங்கமான பையனையா ஏமாற்றுகிறோம் என்று தயாளன் கூனிக் குறுகிப்போனார்.

மறுநாள் நடுப்பகலில் ரத்தினபாய் கூடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஜெரூஷா குளுக்கோஸ் கரைத்து ஓடிவந்தாள். கிழவி டம்ளரைத் தள்ளிவிட்டு, "மாப்பிள்ளைக்கு முதல்ல சரியாகட்டும்," என்றாள்.

தயாளன் பின்பக்கம் ஓடினார். துணி துவைக்கிற கல்லில் கையை ஓங்கி ஒரே அடி. பிளாஸ்டர் தூள்தூளானது. கூடத்துக்கு வந்து ஐந்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினார்.

"சரியாயிடுச்சு அத்தை. குடிங்க."

"ஸ்தோத்திரம்," என்று ரத்தினபாய் ஒரே மூச்சில் குடித்தாள். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும், கை குணமான அற்புதத்தை நீங்க சாட்சி சொல்லணும் மாப்பிள்ளை."

அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தயாளன் கீழ்க்கட்டளைக்குக் கிளம்பினார். போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டார். மச்சினனிடம் உண்மையைச் சொல்வது. படிக்கட்டை வீட்டுக்குள் தள்ளித் தானே புதிதாக வரைந்து, காகிதத்தில் உள்ளபடியே தரையிலும் கட்டுவது. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு யோசனை வந்ததே இல்லை. மனசு லேசாக இருந்தது.

மனைக்கு எதிர்த்தாற்போல்தான் காலேப்பின் வாடகை வீடு. காலேப் மறைமலை நகருக்கு வேலைக்குப் போயிருந்தான். சத்யபிரியா கதவைத் திறந்தாள். அவர் கையைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

"கட்டு எங்க அண்ணா?"

"கட்டே பொய்ம்மா. நீங்க குடுத்த பிளான்ல படிக்கட்டு காலியிடத்துல இருந்துச்சு. அதுக்குக் கையெழுத்துப் போட்டா என் பதிவு போயிடும். சொந்தத்துல முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இனிமே கவலைப்படாதீங்க, நானே சரியா வரைஞ்சு, நானே கையெழுத்துப் போட்டு, கூட நின்னு கட்டியும் குடுத்துடறேன்."

சத்யபிரியா கையிலிருந்த துடைப்பத்தோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேற இன்ஜினியரை வெச்சா அண்ணி நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாங்க, உங்ககிட்ட குடுத்தா பேப்பர்ல ஒண்ணு தரையில ஒண்ணுன்னு கட்டி நாளைக்கு இடிக்க வந்துடுவாங்க, அதனால நீங்களா முடியாதுன்னு சொல்லட்டும்னுதானே அண்ணா அந்தப் படிக்கட்டைக் கொண்டுபோய் காலியிடத்துல வரைஞ்சோம்."