பிரஷ் தோண்டிய வீடு

மலேசியாவில், ஈப்போவிலிருந்து பாகான் டத்தோ வரை சல்லடை போட்டுத் தேடினாலும், மண்ணைக் கொஞ்சிக் கொஞ்சி எழுப்புகிற இன்னொரு பிறவி உங்களுக்குக் கிடைக்காது. தொல்லியல் பட்டப்படிப்பில் என்னோடு படித்தவள். விடுதியில் என் அறைத் தோழி. பையில் எந்நேரமும் ஒரு பெயிண்ட் பிரஷ் இருக்கும். அதனால் பெயரே பிரஷ் ஆகிவிட்டது.

அவள் அழுக்குத்துணிக் கூடையைத் தொட்டால் அலறுவாள். "கலைச்சிராதடி! மேல இருக்கிறது இந்த வாரம். அடியில நாம சேர்ந்தப்போ ஓரியண்டேஷன்ல போட்டது. அடுக்கு அப்படியே இருக்கு பாரு!"

"நாறுதுடி!"

"பழசுன்னா அப்படித்தான் இருக்கும்லா."

ஈப்போவில் மாமாக் ரொட்டிக் கடைக்குப் போனால், முன்பு சாப்பிட்டவர்களின் தட்டை எடுக்க விடமாட்டாள். "தொடைச்சிராதீங்க அண்ணே! ரெண்டு பேரு சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தருக்குச் சரியான கோபம், ரொட்டியப் பிச்சுப் போட்டிருக்காரு."

கடைக்கார அண்ணன் வாயைப் பிளந்தார். "ஆமாலா! மாமனும் மருமகனும் இப்பத்தான் சண்டை போட்டுட்டுப் போறாங்க. நீ என்னம்மா, சோசியமா படிக்கிற?"

இதே சந்தேகம் அவள் அப்பாவுக்கும் உண்டு. லாரி ஓட்டுபவர், மனைவி இறந்தபின் ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவர். "மண்ணு தோண்டுறதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கு? களப்பயிற்சி முடியட்டும், நானே வந்து கூட்டிட்டுப் போறேன். கணக்கு படி" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

பயிற்சி, கோலா கங்சார் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். பிரஷ் பிறந்த தோட்டம். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தும் வெகுகாலம் ஆகிவிட்டது. தோண்டியதில் ஒரு செங்கல் வரிசையும் கொஞ்சம் சிமெண்டுத் தரையும் தெரிந்தன.

"இது எங்க வீடு" என்றாள் பிரஷ்.

"சாமான் கொட்டகை. வீடு என்பதற்கு ஆதாரம் உண்டா?" என்றார் விரிவுரையாளர்.

தோட்டத்தை விட்டு வந்தபோது அவள் சின்னக் குழந்தை. ஆதாரத்துக்கு எங்கே போவாள்? அந்தத் தரையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். செம்பனை ஓலையின் நிழல் அவள் முகத்தில் மெல்ல அசைந்தது. "காத்து இந்தப் பக்கமாத்தான்டி வரும், நெனப்பிருக்கு" என்றாள், தூக்கத்தில் பேசுகிறவள் போல. வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து எங்களோடு படிக்கிற ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தான்.

கடைசி நாள் அப்பா வந்தார். வரும்போதே கத்தல். "வீட்டுல ஒரு நாளாச்சும் கூட்டியிருப்பியா? இங்க வந்து காட்டைக் கூட்டிக்கிட்டு இருக்கா! போதும், கெளம்பு!"

கத்திக்கொண்டே வந்தவர் செங்கல் வரிசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். தலையைக் கொஞ்சம் குனிந்து உள்ளே வந்தார். அங்கே நிலையும் இல்லை, கதவும் இல்லை.

"அடுப்படியில சப்பாத்தோடவா நிக்கிற? கழட்டு!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் சப்பாத்தைக் கழற்றினாள். ஐயோ, விரிவுரையாளரும் சத்தமில்லாமல் கழற்றினார்.

அப்பா ஒரு மூலையைக் கைகாட்டினார். "அந்த மூலைய இன்னும் கொஞ்சம் தோண்டும்மா. அங்க உக்காந்துதான் உங்கம்மா உனக்குச் சோறு ஊட்டும்."

"அப்ப கெளம்ப வேணாமாப்பா?"

"படிச்சு முடிச்சிட்டு வா."

பொழுது சாயும்வரை நாங்கள் எல்லோரும் வெறுங்காலோடுதான் தோண்டினோம். எறும்பு கடித்தது, முள் குத்தியது. யாரும் முனகவில்லை. என் தோழியின் வீட்டுக்கு நான் அன்றுதான் முதன்முதலாகப் போயிருந்தேன்.