காதுக் கவசமும் முதல் தடையுத்தரவும்

தேநீர் குடித்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதி வைக்கிறவன் நான். (வியாதி என்பது மனைவியின் முடிவு.) அப்படிப்பட்டவன் வாழ்நாளில் ஒரேயொரு தடவை நேரம் பார்க்க மறந்தேன். அன்று ஒரு கற்குவாரியையே மூடப் போனேன்.

சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு, திருகோணமலைக்கு வெளியே ஒரு தனியார் குவாரியில் ஆறு வருடம் பாறை உடைத்தேன். பிறகு அரசாங்கத்தில் குவாரிப் பரிசோதகர் உத்தியோகம். முதல் வேலையே என் பழைய குவாரிமீது வந்த முறைப்பாடு: வெடியதிர்வில், பக்கத்தில் வசிக்கும் பிலோமினா அக்காவின் வீட்டுச் சுவர் பிளக்கிறதாம். அறிக்கை பிழைத்தால் நியமனம் நிரந்தரமாகாது. பழைய இடத்துக்குச் சார்பாக எழுதிவிட்டான் என்ற கதையும் வரக்கூடாது.

வியாழக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு வெடி. அக்கா வீட்டில், பிளந்த சுவரின் அடியில் அதிர்வுமானியை வைத்து, தலைக்கவசம், காதுக் கவசம் சகிதம் கதிரையில் அமர்ந்தேன்.

"வீட்டுக்குள்ளயும் உதெல்லாம் போடவேணுமே தம்பி?"

"சட்டம் அக்கா."

அவர் சிரித்துக்கொண்டு குசினிக்குப் போனார். காதை மூடினேன். உலகம் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மானியின் எண்கள் பாய்ந்தன! ஒரு தடவையல்ல, விடாமல். இப்படியொரு கொடிய வெடியை என் காலத்தில் நான் வைத்ததே இல்லை. அங்கேயே தடையுத்தரவு எழுதினேன். திகதி போட்டேன், கையொப்பம் இட்டேன். நேரத்துக்குரிய கட்டம் மட்டும் வெறுமை.

குவாரி வாசலுக்கு ஓடினேன். என் பழைய மனேஜர் சிவப்புக் கொடியருகே நின்றார்.

"உடன நிப்பாட்டுங்கோ!"

அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கிட்ட வந்து, என் ஒரு காதின் கவசத்தைத் தானே தூக்கினார்.

"எதை நிப்பாட்டுறது சேர்? நாங்கள் இன்னும் வெடிக்கேல்லையே."

(முன்பு 'தம்பி' என்பவர். அந்தச் 'சேர்' தனியாகக் குத்தியது.)

"குழியெல்லாம் மருந்து நிரப்பியாச்சு. அதைக் கிண்டி எடுத்து வீட்ட கொண்டுபோய் வைக்கிறதோ?"

நிரப்பிய குழியை வெடிக்காமல் விடக்கூடாது என்று அந்த வாசலில் பலகை எழுதி மாட்டியவனே நான்தான். உத்தரவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பி நடந்தேன், இம்முறை காதைத் திறந்தபடி.

திடும், திடும், திடும்.

சுவரின் மறுபக்கம் குசினி. அக்காவும் மகளும் கோயில் திருநாளுக்கு ஆளுக்கொரு உலக்கையால் அரிசி இடித்துக்கொண்டிருந்தார்கள். உரல் சுவரோடு ஒட்டியிருந்தது.

"எப்பவும் இதிலயோ இடிக்கிறனீங்கள்?"

"ஓம் தம்பி, நான் கலியாணம் கட்டி வந்த நாளிலயிருந்து. இதிலதான் காத்து வரும்."

உலக்கைகளை நிறுத்தி வைத்தோம். பன்னிரண்டு மணிக்குக் குவாரி வெடித்தது. மானி அசையவே இல்லை எனலாம். உரலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்குமாறு பரிந்துரைத்து அறிக்கை எழுதினேன். நியமனம் நிரந்தரமாயிற்று. அந்த உரலின் இரண்டாவது உலக்கைக்காரி என் மனைவியானார். அக்கா என்று கூப்பிட்டவரை மாமி என்று கூப்பிடத்தான் ஒரு வருடம் பிடித்தது.

இன்றைக்கும் சம்பல் இடிக்குமுன் குசினியிலிருந்து குவாரிக்காரர் வெடிக்குமுன் எச்சரிக்கும் பாணியில் மூன்று தடவை மனைவியின் குரல் வரும்: "வெடி! வெடி! வெடி!" பிறகு ஒரு கேள்வி:

"நேரம் எழுதியாச்சோ?"

எழுதிவிட்டுத்தான் 'ஓம்' என்கிறேன்.