கங்காணி வீட்டுக்கு ஒரு தட்டு

"அதிலே ஒரு தட்டு கங்காணி வூட்டுக்கும் அனுப்பு, சுடலை" என்று துரைசாணி சொன்னதும், பங்களாச் சமையல்காரன் சுடலையின் கையிலிருந்த கத்தி மாட்டுத் தொடையில் பாதி இறங்கியபடியே நின்றுவிட்டது.

முந்தின நாள் கிறிஸ்துமஸ். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து துரைமார்கள் குதிரையேறி வந்து, ஒரு முழு மாட்டுத் தொடையைச் சுட்டு வைத்ததில் பாதியைத் தின்று தீர்த்திருந்தார்கள். மீதிப் பாதி கம்பிவலை அலமாரிக்குள் இருந்தது. துரைசாணிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. மிச்சக் கறியைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் டப்பாக் கடுகும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையளவு ரொட்டிக்குள் பொதிந்து, மேலே வெண்ணெய் தடவிச் சுட வேண்டும் என்று உத்தரவு. நாலு மணிக்கு அதே துரைமார்கள் தேநீருக்கு வருகிறார்கள். நேற்றைய மாட்டை இன்றைய ரொட்டிக்குள் ஒளித்துவைத்தால் அது புதுப் பலகாரம் ஆகிவிடுமாம். நம்மூரில் அதற்குப் பழையது என்று பெயர்.

"கங்காணி வீட்டுக்கு வருசா வருசம் கேக்குதானே அம்மா போகும்?" என்றான் சுடலை.

"கேக்கு காலி. நேத்து தொரை எல்லாம் தின்னாச்சு. இது குடு. நாளைக்கு மஸ்டர்லே, பேர் கூப்பிடும்போது, நான் கங்காணியைக் கேக்கறேன், நல்லா இருந்துச்சான்னு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சுடலை கத்தியை உருவி வைத்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தான்.

மறையூருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரியமுத்து கங்காணி என்றால் துரைக்கு அடுத்த துரை. கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்துச் சனத்தில் பாதி அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தது. மார்கழி பிறந்துவிட்டால் மனிதர் சாமியாராகவே மாறிவிடுவார். விடியுமுன் குளியல், நெற்றி முழுக்கத் திருநீறு, மாரியம்மன் கோயிலில் பஜனை. அந்த மாதம் முழுக்கக் கருவாட்டு வாசனை வந்தால்கூட லயத்தில் அந்த வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்.

அந்தக் கங்காணியின் மகனுக்குத்தான் சுடலையின் மகள் பூமாரியைப் பேசியிருந்தது. தை பிறந்ததும் பரிசம். ஊரே வாய்பிளந்து நின்றது. பங்களாவில் மாட்டை வேகவைக்கிறவன் மகள் என்று சொல்லி முன்னால் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயிருந்தன. சுடலையைக் கங்காணி வீட்டுப் படியேறக்கூட விட்டதில்லை. வாசலில் நிறுத்தி, சிரட்டையில்தான் தண்ணீர் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர் எப்படிச் சம்மதித்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. "பெரிய மனசு" என்றார்கள். சுடலையும் அப்படியே நம்பி, தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

பெரிய மனசுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சுடலை மாட்டைத் தொடுவதில்லை என்று ஊரறியச் சத்தியம் செய்ய வேண்டும். அவனும் ஐப்பசியில் மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "மாட்டு வேலையெல்லாம் ஆயா சந்தனமேரி பார்த்துக்கிடுவா. நான் ரொட்டியும் கேக்கும் மட்டுந்தான்." பச்சைப் பொய். பங்களாவில் சேர்ந்த நாளிலிருந்து மாட்டைக் கழுவியது, கட்டியது, சுட்டது எல்லாம் அவன் கைதான். ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை என்பது மட்டும் உண்மை. உப்புப் பார்க்கிற வாய் சந்தனமேரியுடையது. பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் என்ன செய்வாளோ என்று அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பெற்ற மகள் வீட்டோடு உட்கார்ந்திருந்தால் மட்டும் இறங்கிவிடுமா?

இப்போது அந்த மாட்டுக்கறியைத் தன் கையாலேயே செய்து கங்காணி வீட்டுக்கு அனுப்பு என்கிறாள் மகராசி.

சுடலைக்கு ஒரு யோசனை தோன்றியது. துரைமார்களுக்குக் கறி ரொட்டி; கங்காணிக்குக் கிழங்கு ரொட்டி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். துரைசாணி கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பார் கங்காணி. கதை முடிந்தது.

உருளைக்கிழங்கை வேகப்போட்டான். சந்தனமேரி எட்டிப் பார்த்தாள்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"கங்காணி வீட்டுக்கு."

"கங்காணி வீட்டுக்குக் கிழங்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயத் தொறந்தேன்னா என் மக வாழ்க்கை போச்சு. இந்தா, கறியில உப்புப் பாரு."

"ஐயோ, மாட்டேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை. எங்களுக்குக் கறி ஆகாது."

"நேத்துத்தான ஒங்க சாமி பொறந்துச்சு? பொறந்த மறுநாளேயா பட்டினி போடும்?"

"சாமி பொறந்தது வேற, வெள்ளிக்கிழமை வேற" என்று அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். வாயை மூடச் சொல்லித்தான் சற்றுமுன் சுடலையும் கேட்டிருந்தான்.

சரி, கை மதிப்பாகவே ஒரு பிடி உப்பைப் போட்டான். சுட்ட கறியில் நேற்றே உப்பு ஏறியிருந்தது என்பது போட்ட பிறகு ஞாபகம் வந்தது. அதைச் சமாளிக்கக் கொஞ்சம் சர்க்கரை. சர்க்கரை கூடிப்போனதாக மனசுக்குப் பட, மேலும் கொஞ்சம் கடுகு. அந்தக் கறி அப்போது என்ன ருசியில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைப் புண்ணியம்.

இந்தக் கூத்தில் நேரம் ஓடிவிட்டது. மாவு சீக்கிரம் பொங்கட்டும் என்று வழக்கமாக ஊற்றுகிற கள்ளுக்கு மேல் இன்னொரு கிண்ணம் ஊற்றிப் பிசைந்தான். கறி ரொட்டிகளின் தலையில் அடையாளத்துக்கு முள்கரண்டியால் மூன்று குத்து. கிழங்கு ரொட்டிகளைச் சும்மா விட்டான். அடுப்பில் வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனான்.

திரும்பி வந்தபோது சந்தனமேரி பூரித்த முகத்தோடு நின்றாள்.

"பின்னால இருந்ததெல்லாம் கருகப் பார்த்துச்சு அண்ணாச்சி. நான்தான் எல்லாத்தையும் வெளிய எடுத்து மாத்தி மாத்தி அடுக்கினேன். பாருங்க, எப்படி வெந்திருக்குன்னு!"

பார்த்தான். அத்தனையும் குழந்தையின் கன்னம்போல உப்பியிருந்தன. கள்ளின் வேகத்தில் முள்கரண்டிக் குத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எது மாடு, எது கிழங்கு என்று அந்த மாரியம்மனாலும் சொல்ல முடியாது.

"பாவி!" என்றான் சுடலை.

"நல்லது செஞ்சாலும் பாவியா?" என்று மூக்கைச் சிந்தினாள் சந்தனமேரி.

வேறு வழியில்லை. ஒவ்வொரு ரொட்டியாகக் கவிழ்த்து, அடிப்பக்கம் கத்தி நுனியால் கீறிப் பார்த்து, மாடு ஒரு தட்டிலும் கிழங்கு ஒரு தட்டிலுமாகப் பிரித்தான். சுடச்சுட எடுத்ததில் விரலெல்லாம் கொப்புளம். பிரித்து முடித்து நெற்றி வியர்வையைத் துடைத்தபோது வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. துரைமார்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

துரைசாணி சமையலறைக்குள் ஓடிவந்தாள். இரண்டு தட்டையும் பார்த்தாள். கிழங்குத் தட்டு அவள் கண்ணுக்கு அழகாகப் பட்டிருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா! அது வேண்டாம், இதை எடுங்க!"

"ஏன்? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை என்று எப்படிச் சொல்வது? "அது ஆறிப்போச்சும்மா" என்றான்.

"பரவால்லே. சூடு இருந்தா வாய் சுடும்" என்று அவள் போயேவிட்டாள்.

துரைமார்கள் கையில் கிழங்கு. கங்காணிக்குப் போக மிஞ்சியிருப்பது மாடு. எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்று சுடலை மாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வழியாக வராந்தாவுக்கு ஓடினான். 'சூடா இன்னொரு தட்டு' என்று சொல்லி இதை வைத்துவிட்டு அதை எடுத்துவந்துவிடலாம் என்பது எண்ணம்.

வராந்தா மூலையில் துரையின் வேட்டை நாய்கள் படுத்திருந்ததை அவன் மறந்துவிட்டான். மாட்டு வாசனை அவற்றுக்கு மறக்குமா? பெரிய நாய் ஒரே பாய்ச்சல். தட்டு ஒரு பக்கம், சுடலை ஒரு பக்கம். ரொட்டிகள் உருண்டன. நாய்கள் வெண்ணெய் தடவிய மேல்மாவை ஒதுக்கிவிட்டு உள்ளே இருந்த கறியை மட்டும் பக்குவமாகத் தின்றன. உப்பு, சர்க்கரை, கடுகு எதைப் பற்றியும் அவை குறை சொல்லவில்லை.

துரை ஒரு ரொட்டியைக் கடித்த கையோடு எழுந்து வந்தார். தரையில் சிந்திக்கிடந்த கறியைப் பார்த்தார். தன் கையிலிருந்த ரொட்டியைப் பிளந்து பார்த்தார். வெந்த கிழங்கு எட்டிப் பார்த்தது. விருந்தாளிகளில் ஒருவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார். அந்த இருமல்தான் சுடலையின் தலையில் விழுந்த இடி.

"நாய்க்கு மாடு, எனக்குக் கிழங்கா?" என்றார் துரை.

"தொரை, அது வந்து..."

"வேண்டாம். நாளைக்குக் காலையிலே பெட்டி கட்டு."

துரைசாணி அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கிழங்குத் தட்டை அவன் கையில் திணித்து, "இதையும் எடுத்துட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். இத்தனை வருட அடுப்புப் புகைக்கு அதுதான் வெகுமானம்.

சந்தனமேரி சமையலறை வாசலில் நின்று அழுதாள். சுடலைக்கு அழுகை வரவில்லை. உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. வேலை போனால் போகட்டும். கொழுந்து கிள்ளியாவது பிழைத்துக்கொள்ளலாம். கங்காணி வீட்டுக்குப் போகிற தட்டில் ஒரு நார் கறி கிடையாது. மகள் கரையேறிவிடுவாள். தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தட்டின்மேல் வெள்ளைத் துணியை மூடி, தேயிலைச் சரிவில் இறங்கினான்.

பெரியமுத்து கங்காணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். குளித்து, திருநீறு பூசி, தோளில் துண்டோடு இருந்தார். சுடலையைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார். அவர் அவனை எதிர்கொண்டு வந்தது அதுவே முதல் தடவை.

"வாரும்வே. சந்தனமேரி வரலையா?"

"நானே கொண்டாந்துட்டேன்."

சுடலை வழக்கம்போலப் படிக்கு வெளியே நின்றான். கங்காணி தட்டை வாங்கித் துணியை விலக்கினார். ஒரு ரொட்டியைப் பிட்டு உள்ளே பார்த்தார். பிறகு இன்னொன்றைப் பிட்டார். மூன்றாவதையும் பிட்டு, விரலை விட்டுக் கிளறினார்.

ஆசாரக்காரர், சோதித்துப் பார்க்கிறார் என்று சுடலைக்குப் பட்டது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் கிழங்குதான். சத்தியமாக் கிழங்குதான்" என்றான்.

"எல்லாமேவா?"

"ஒரு நார் கறி இருக்காது. நீங்க மார்கழி விரதத்துல இருக்கீக. துரைசாணி கறி வச்சுத்தான் குடுக்கச் சொன்னாக. நான் விடுவேனா? அதுல தொரைக்குக் கோவம் வந்து, எனக்கு வேலையே போயிருச்சு. போகட்டும். உங்க வீட்டு ஆசாரத்தைவிட எனக்கு வேலை பெருசில்ல."

கங்காணியின் முகம் சுருங்கிப்போனது.

"வேலை போயிருச்சா?"

"ஆமா."

"இனிமே பங்களாவுக்குப் போக மாட்டீரு?"

"அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். இனி யாரும் என்னை மாட்டோடு சேர்த்துப் பேச முடியாது. பூமாரிக்கும் தலைநிமிர்வு."

கங்காணி தட்டை மனைவி முத்துப்பேச்சியின் கையில் கொடுத்துவிட்டு, துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சுடலை, அந்தச் சம்பந்தப் பேச்சு... அம்மன்கிட்ட பூக்கேட்டுப் பார்த்தேன். உத்தரவு வரல. அம்மன் சொல்லை மீறி நாம என்ன செய்ய? நீரு வேற இடம் பாரும்."

"என்ன சொல்லுதீக? தையில பரிசம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சே!"

"அம்மன் உத்தரவுவே" என்று கங்காணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுடலை படியோரம் உட்கார்ந்தான். செய்த பொய்ச் சத்தியத்துக்கு மாரியம்மன் கணக்குத் தீர்த்துவிட்டாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. வேலையும் போய், சம்பந்தமும் போய், வீட்டில் பூமாரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதான்.

வீட்டின் பக்கவாட்டுக் கதவு மெல்லத் திறந்தது. முத்துப்பேச்சி காலித் தட்டோடு வந்து, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன காரியம் பண்ணிட்டீக அண்ணாச்சி! வருசா வருசம் கேக்குக்கு அடியில சந்தனமேரி ஒளிச்சுவச்சுக் கொண்டாந்த மாட்டுக்கறி, அவளுக்கு அப்புறமும் உங்க மூலமா நிக்காம வரணும்னுதான, அவுக உங்க வீட்டுல பொண்ணெடுக்கவே சம்மதிச்சாக!"