தண்ணீர் தாங்காத அலமாரியும் தடையில்லாத என் வாயும்

மைசூர்,
வியாழக்கிழமை.

ஹனூரில் நாள் முழுக்க மரம் அறுத்தும் யாரையும் பேச்சில் அறுக்காத மரியாதைக்குரிய கருப்புசாமி மாமா அவர்களுக்கு, தங்கை மகன் ஹேமந்த் வணங்கி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அப்பாவை நலம் என்று எழுத முடியாது, கோபம் என்றுதான் எழுத வேண்டும். அத்தைக்கு முட்டிவலி தேவலையா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

முதலில் ஒரு துக்க அறிவிப்பு. எங்கள் குளியலறையில் குடியிருந்த வெள்ளை அலமாரி, வயது நாற்பத்தொரு நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குக் காலமானது. இயற்கை எய்தியது என்று எழுதலாமென்றால் அதற்குள் இயற்கையாக ஒன்றுமே கிடையாது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தி, மேலே பளபளவென்று தாள் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு.

நோய் வந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் குளியலறைக்கு ஜன்னல் இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை மட்டும் உண்டு, மூன்று பேர் வரிசையாக வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் உள்ளே இட்லி அவிக்கலாம், அந்த ஆவியில் முதல் வாரமே அலமாரியின் அடி ஓரத்து பிளாஸ்டிக் பட்டை பிய்ந்து நாக்கைத் துருத்தியது, அப்பா பசை வைத்து நாக்கை உள்ளே தள்ளினார், அடுத்த வாரம் அடிப்பலகை டீயில் விழுந்த ரஸ்க் மாதிரி உப்பியது, கதவு மூட மறுத்தது, "கதவுலதான் கோளாறு" என்றார் அப்பா, "கதவு நல்லாத்தானுங்க இருக்குது, ஒடம்புதான் பெருத்துப்போச்சு" என்றார் அம்மா. செவ்வாய்க்கிழமை அப்பா பாதி முகம் சவரம் செய்துவிட்டு பிளேடு எடுக்கக் கதவை இழுத்தார். கீல், ஸ்க்ரூ, ரவை மாதிரி ஒரு பிடி மரத்தூள், எல்லாம் கதவோடு சேர்ந்து வந்து அவர் கால் பெருவிரலில் இறங்கியது. ஒரு கன்னத்தில் நுரையோடும் கையில் கதவோடும் அவர் வெளியே வந்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "அப்பா, மாவு உப்பிருச்சு, அதான் உப்புமா" என்றேன். அவர் பார்த்த பார்வையில் மிச்ச நுரை காய்ந்துவிட்டது.

"எங்கண்ணன் வேப்பம்பலகையில செஞ்சு தரேன்னாருங்க. நீங்கதான் கேக்கல."

"உங்கண்ணன் அளவெடுத்துட்டுப் போயி ஆறு மாசமாச்சு. கொண்டுபோன டேப்பாவது திரும்பி வந்துச்சா?"

இதில் நான் யார் பக்கமும் இல்லை, மாமா. ஆனால் டேப் என்னுடையது.

விஷயம் இத்தோடு நின்றிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அப்பா அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு அலமாரி வாங்கிய கடைக்கே போய்விட்டார். "தண்ணிக்குத் தடையில்லன்னு உங்க ஆளுதான் சொன்னாரு" என்று முதலாளி பசவராஜிடம் சத்தம் போட்டிருக்கிறார். அலமாரியை எங்களுக்குக் காட்டியவர் குமார் அண்ணா, அந்தக் கடையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் அழாத குறையாகச் சொன்னாராம். முதலாளி அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் கடைக்கு வர வேண்டும், பொய் சொல்லி விற்றது உண்மையென்றால் குமாருக்கு வேலை கிடையாது. சாட்சி யார் என்றால் நான். "என்ற மகன் முன்னாடிதானுங்க சொன்னாரு, அவனுக்குக் கன்னடம் தண்ணிபட்ட பாடு" என்று அப்பா பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். தண்ணி பட்டால் என்ன பாடு என்றுதான் இப்போது எல்லோருக்கும் தெரியுமே.

இனி உண்மை. அன்றைக்குக் குமார் அண்ணா என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "பாத்ரூமிகெ பேடா, இது நீரு தடெயல்லா." குளியலறைக்கு வேண்டாம், தண்ணீர் தாங்காது என்று அர்த்தம். அப்பா கடையின் அந்தக் கோடியில் கண்ணாடிக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா சொல்றாரு?" என்று கேட்டார். 'தடெயல்லா' என் காதில் 'தடையில்ல' என்று இனித்தது. விட மனசில்லை. "தண்ணிக்குத் தடையில்லையாம்ப்பா" என்றேன். அப்பா சிரிப்பார், நானும் சிரித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை, "அப்ப இதையே கட்டச் சொல்லு" என்றார். நான் அர்த்தத்தைச் சொல்லாமல் விட்டேன். அலமாரி ஆட்டோவில் ஏறிவிட்டது. நாற்பத்தொரு நாளாக ஒவ்வொரு முறை குளிக்கும்போதும் அதைத் துண்டால் துடைத்துவிட்டு வந்தது இந்த வீட்டில் நான் ஒருவன்தான். சுத்தமான பிள்ளை என்று அம்மா கீழ்வீட்டு ராமக்காள் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனாலும் மாமா, உங்கள் மருமகன் கோழையல்ல. ஞாயிற்றுக்கிழமை கடை நடுவில் நின்று சுத்தக் கன்னடத்தில் எல்லாவற்றையும் நானே சொல்லப்போகிறேன். உரை தயார். கண்ணாடி முன்னால் நாலு முறை பேசிப் பார்த்தாயிற்று. அப்பா வேலையிடத்தில் கற்றுப் பேசும் பேக்டரி கன்னடம் மாதிரி பாதி தமிழும் பாதி கையாட்டலுமாக இருக்காது, பசவராஜே கைதட்டுவார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பத்தரைக்குள் வந்து அப்பாவின் கைக்கும் என் கன்னத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். போனில் சொன்னால் அம்மா காதில் விழும் என்பதால் அதே ராமக்காள் அக்கா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் நாளைக் காலை ஹனூர் பஸ் ஏறுகிறார்.

உங்கள் ரம்பம் கூராகவும் அத்தையின் கோபம் மழுங்கியும் என்றைக்கும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
மருமகன் ஹேமந்த்.

பி.கு.: ராமக்காள் அக்கா பஸ் ஏறவில்லை. இன்று ஞாயிறு சாயங்காலம், நாளைக்குத்தான் போகிறாராம். எனவே நீங்கள் வரவில்லை, மேலே நான் எழுதிய வீரத்தையும் நம்ப வேண்டாம். கடையில் குமார் அண்ணா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பசவராஜ் என்னைப் பார்த்து "ஹேளப்பா" என்றார், சொல்லு என்று. என் கன்னடம் போன இடம் தெரியவில்லை. உரையின் முதல் வார்த்தைகூட வரவில்லை. மூக்கு ஒழுகியது. கடைசியில் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தமிழில், "அவரு தாங்காதுன்னுதாம்ப்பா சொன்னாரு, நாந்தான் வெளையாட்டுக்கு மாத்திச் சொன்னேன்" என்றேன். அப்பா குமார் அண்ணா பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டு, பசவராஜிடம் தன் பேக்டரி கன்னடத்தில் சொன்னார்: "குமார் சரியாகெ ஹேளித்ரு சார். தப்பு நம்து." குமார் சரியாகத்தான் சொன்னார், தப்பு நம்முடையது என்று. இவனுது என்று சொல்லவில்லை, மாமா. நம்து என்றார். பசவராஜ் குமார் அண்ணாவின் தோளைத் தட்டி உள்ளே போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அப்பாவின் கன்னடத்தில் தப்பு கண்டுபிடித்தே வளர்ந்தவன் நான். இன்றைக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.