தண்டால் டீச்சர் முழுங்கிய மாத்திரை

புதுக்கோட்டைச் சீமையிலேயே வெட்கம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே பெண்மணி எங்கள் தண்டால் டீச்சர்தான். அவர் பங்கு வெட்கத்தையும் சேர்த்து நானே பட்டுத் தீர்த்தேன்.

அறுபதுகளின் கடைசி. பெண்கள் பள்ளியில் அவர் டிரில் டீச்சர், நான் கணக்கு டீச்சர். ஆவூர்க்காரர், கிறிஸ்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எனக்குப் பக்கத்து வீடு. காலையில் அவர் முற்றத்தில் தண்டால் எடுத்தால் என் அலமாரியில் டம்ளர்கள் ஆடும். பஸ்ஸில் இடம் விடாத ஒரு ஆளைச் சீட்டோடு தூக்கப் போனார் என்று மாணவிகள் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

"பொம்பளைக்குக் கையில பலம் வேணும் டீச்சர். வாயில இருந்து என்ன பிரயோசனம்?" என்று சொல்லி, பள்ளி விட்டதும் எங்கள் எல்லோரையும் ஆட்டுக்கல் குழவி தூக்க வைத்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஸ்டாஃப் ரூமில் ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டுத் தையல் டேப்பால் புஜத்தை அளப்பார். அளவை வெளியே நிற்கும் பியூனுக்கும் கேட்கும்படி அறிவிப்பார். தமிழ் டீச்சர் கை பெருத்தது. தலைமையாசிரியை கைகூடப் பெருத்தது. என் கை மட்டும் முருங்கைக்காய் மாதிரி அப்படியே இருந்தது. மானம் போயிற்று.

ஆனால் நான் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. என் கணவருக்கு மதராஸில் வேலை. என் வேலை நிரந்தரமாகும்வரை குழந்தை வேண்டாம் என்று முடிவுசெய்து, அங்கே ஒரு லேடி டாக்டரிடம் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கியிருந்தோம். ஊரில் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பவுடர் டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன். பேரன் எப்போது என்று கேட்க மணமேல்குடியிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார் மாமியார். அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே என் பெட்டியைக் கட்டிப் பிறந்த வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார்.

ஒரு சாயங்காலம் டீச்சர் டேப்பும் கையுமாக என் வீட்டுக்கே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"என் பயிற்சியில கோளாறா, ஒங்க ஒடம்புல கோளாறான்னு தெரியணும். நாளைக்கே ஒங்கள பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் துருவினால் மாத்திரை சங்கதி ஊருக்கே தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் அவர் காதில் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். நான் மெதுவாகச் சொன்னதைக் கேட்டவர் மெதுவாகப் பதில் சொல்லக் கூடாதா?

"அப்பாடா! எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை! என் பயிற்சியில தப்பே இல்ல!"

அடுப்படியிலிருந்து மாமியார் கரண்டியோடு வந்தார். "என்ன மாத்திரை ஆத்தா?"

டீச்சர் கண் இமைக்கவில்லை.

"எனக்குத்தாங்க ஆத்தா. கைப் பலத்துக்கு. இவங்ககிட்ட குடுத்து வச்சிருக்கேன்."

"எங்க, எனக்கு முன்னால முழுங்கு பாப்போம்."

முழுங்கினார். மாமியார் இருந்த நாளெல்லாம் காலையில் வந்து, அவர் கண்முன்னே முழுங்கினார். என்னுடையதை நான் குளிக்கும்போது முழுங்கிக்கொண்டேன்.

ஒருநாள் மாமியார், "எனக்கும் ஒண்ணு குடேன், முட்டி வலிக்கிது" என்றார்.

"ஒங்களுக்கு வேணாம் ஆத்தா. மீசை மொளைக்கும்."

இதற்கிடையே டீச்சர் தன் கையையும் அளந்து வந்தார். அது ஒரு நூல்கூடக் குறையவில்லை. மாமியார் ஊருக்குப் போன அன்று முகம் தொங்கிப்போய்ச் சொன்னார்: "மாத்திரை மேல வீணா பழி போட்டுட்டேன் போலருக்கு. இல்ல, ஒடம்புக்கு ஒடம்பு மாறுமோ? ஒண்ணும் புடிபடல டீச்சர்."

அந்த ஞாயிறு ஆவூருக்குப் போய் வந்தவர், திங்கட்கிழமை யாரிடமும் பேசவில்லை. மைதானத்தில் விசில்கூட ஊதவில்லை. பயந்துபோய்க் கேட்டேன்.

"எங்க கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனேன். பொய் சொன்னேன் சாமின்னேன். என்ன பொய்யின்னாரு. மாத்திரையச் சொன்னேன். என்ன மாத்திரையின்னாரு." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணம் ஆகாதவ, அதச் சொல்லிட்டு மண்டி போட்டிருந்தேன். எனக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமி. வெக்கமா போச்சு டீச்சர்."

"எனக்காகத்தான்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எனக்கு வெக்கம் போயிருக்கும். ஆனா அது ஒங்க சங்கதியில்ல? நான் எப்புடிச் சொல்றது?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் இருந்தார்கள். வாசலில் பியூனும் நின்றான். டீச்சர் என்னைப் பார்த்தார், தயங்கினார், டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போடப் போனார்.

நானே எழுந்து போய், ஜாக்கெட் கையைச் சுருட்டிவிட்டு அவர் முன்னால் நீட்டினேன். அதே முருங்கைக்காய்தான். அளவை அவர் உரக்கச் சொன்னார். எனக்கு வெட்கமாகவே இல்லை.