பிரென்ட்டின் திருத்தத்தில் நீங்கள் இறந்த விதம்

மதிப்பிற்குரிய மாமா கிளிஃபர்டு அவர்களுக்கு, மருமகன் ரஸ்ஸல் எழுதுவது. ஒஹாயோவில் நாங்கள் நலம். புளோரிடாவில் நீங்களும் நலம் என்பதை இந்த முறை வழக்கத்தைவிட அழுத்தமாக நம்ப விரும்புகிறேன்.

மெய்ன் மாநிலக் கடற்கரையிலுள்ள ஒரு கல்லூரியைத் தவிர வேறெங்கும் சேர மாட்டேன் என்கிறாள் உங்கள் பேத்தி டெஸ்ஸா. விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். இதற்கு உதவப் பள்ளியிலேயே திருமதி ஓஹாரா இருக்கிறார். இலவசம் என்பதால் அவரை நம்பாமல் பிரென்ட் என்ற தனியார் ஆலோசகரை அமர்த்தினோம். சமையலறையில் உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்ல யாராவது செத்திருக்காங்களா?"

"இல்லையே," என்றாள் டெஸ்ஸா.

"அப்பா அம்மா பிரிஞ்சுட்டாங்களா?"

"அம்மா மிரட்டுவாங்க. போக மாட்டாங்க."

"தாத்தா?"

"அவரு கோல்ஃப் ஆடிக்கிட்டு இருக்காரு."

பிரென்ட் பெருமூச்சு விட்டார். "கஷ்டமே படாத பொண்ண வெச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?"

உங்களோடு மீன் பிடிக்கப் போனதைப் பற்றி அவள் எழுதினாள், பிரென்ட் மெருகேற்றினார், மெருகேறியதைப் படித்துப் பார்க்காமலே பரிந்துரைக் கடிதத்துக்காக ஓஹாராவுக்கு அனுப்பினோம், அதன் கடைசிப் பத்தியில் நீங்கள் படகிலேயே, டெஸ்ஸாவின் மடியில், அமைதியாக இறந்திருந்தீர்கள், ஓஹாரா நல்ல மனுஷி, தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார், மறுநாள் சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனி, டூனா நூடுல்ஸ் என்று துக்க வீட்டுச் சாப்பாடு பாத்திரம் பாத்திரமாக வாசலுக்கு வந்தது, உங்கள் மகள் "யாரு செத்தது?" என்று கேட்க, பக்கத்து வீட்டு வெண்டெல் அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுடும்மா, அடக்காத" என்றார்.

பிரென்ட்டை அன்றே நிறுத்தினோம். "கட்டுரையில தாத்தா உயிரோட வந்தாத்தான் நான் பரிந்துரை எழுதுவேன்," என்று ஓஹாரா சொல்லிவிட்டார். டெஸ்ஸா பாத்திரங்களைக் கழுவி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்து, உண்மையைச் சொன்னாள். அதையே கட்டுரையாகவும் எழுதினாள். ஓஹாரா ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினார். நாளை அனுப்புகிறோம். சரியான உதவி பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்கிறது.

நன்றியறிதல் நாள் விருந்துக்கு நீங்கள் அவசியம் வர வேண்டும். வாசலில் நின்று தெருவைப் பார்த்துக் கையசைத்தால் நல்லது.

உங்கள் நீண்ட ஆயுளை முன்னெப்போதையும்விட அதிகமாக விரும்பும்,
ரஸ்ஸல்

பி.கு.: ஃப்ரீசரின் அடியில், திருப்பிக் கொடுக்காத இன்னொரு பாத்திரம் இருந்திருக்கிறது. தெருக்கோடி திருமதி ஹேவர்கேம்ப்புடையது. அந்தக் கல்லூரியின் பழைய மாணவி. கல்லூரிக்காக இந்த ஊர்ப் பிள்ளைகளை நேர்காணல் செய்பவரும் அவர்தான். நேற்று டெஸ்ஸாவிடம் பேசினார். இப்போதுதான் தொலைபேசியில் கூப்பிட்டார்: "தாத்தா செத்ததைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே உங்க பொண்ணு! என்ன மன உறுதி! காலேஜுக்கு அப்படியே எழுதி அனுப்பிட்டேன்."

நாளை காலை பிரென்ட் வருகிறார். நீங்கள் வர வேண்டாம்.