துறையூரில் யாரும் செருப்பு வாங்கவில்லை

குவெரி போடுகிறவர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவருகிறது. அடையாளம் காண்பது எளிது. நனைந்துகொண்டே நிற்கும்போது "மழை பெய்யுதா?" என்று கேளுங்கள். "எந்த ஏரியாவுல, எந்த டைமுக்குள்ள?" என்று திருப்பிக் கேட்டால் அவர்தான்.

உலகத்தில் நடந்த எதுவும் அவருக்கு நடந்ததாகாது. அது ஓர் அட்டவணையில் ஏறி, அவர் எஸ்.க்யூ.எல். என்ற கணினி மொழியில் குவெரி என்னும் நான்கு வரிக் கேள்வியைத் தட்டி, தரவுக்கிடங்கு 'ஆம்' என்ற பிறகே நடந்ததாகும். தரவுக்கிடங்கு லேசுப்பட்டதல்ல. கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்த நேரத்து பில்லைத்தான் தெரியும். இதுவோ பல வருடத்து பில்களை வயிற்றில் போட்டுக்கொண்டு, எந்த ஊரில், எந்தக் கிழமையில், எந்த அளவுச் செருப்பு போயிற்று என்பதைக் கேட்டு வாய் மூடுவதற்குள் சொல்லிவிடும். தப்பாகக் கேட்டால்? அதே வேகத்தில் சொல்லும்.

நான் அறிந்த உருப்படி சித்தார்த்தன். வீடு ஸ்ரீரங்கத்தில், ஆபீஸ் பாலக்கரையில், நவ்ஷாத் பாயின் செருப்புக்கடை மாடியில். மாவட்டம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் அந்தக் கடையின் விற்பனைத் தரவை அலசுவதுதான் இவர் வேலை. கீழே ஜனங்கள் செருப்பு மாட்டி நடந்து பார்க்கும் சத்தம் மாடிவரை கேட்கும். சித்தார்த்தன் இறங்கிப் பார்த்ததில்லை. பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஒரு கால் தரையில் படாமல் நசுங்கிக்கொண்டிருந்தபோதும், "போன வருஷத்தோட ஒப்பிடாம கூட்டம்னு சொல்லக் கூடாதுங்க" என்றவர். மனைவி யமுனா ரசத்தில் உப்பு சரியா என்று கேட்டால், "ஒரு ரசத்தை வச்சு எப்படிச் சொல்றது?" என்பார். பொய் மட்டும் சொல்லவே மாட்டார். அதுதான் ஆபத்து.

ஒருநாள், எந்தக் கிளைக்கு எப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று ஒரு குவெரி போட்டார். வந்த பட்டை வரைபடத்தில் மற்ற ஊர்களெல்லாம் கோபுரமாக நிற்க, துறையூர் தரையோடு தரையாகக் கிடந்தது.

"என்ன தம்பி, துறையூர்ல எல்லாரும் வெறுங்காலோடவா திரியுறாங்க?" என்றார் நவ்ஷாத் பாய்.

"டேட்டா அப்படித்தான் சொல்லுது பாய்."

"அங்கேருந்து பணம் ஒழுங்கா வருதுன்னு கணக்கர் சொல்றாரே?"

"அது வேற சிஸ்டம் பாய்."

பெரும் செலவில் வாங்கிப் போட்ட பொருளை நம்பாமலிருக்க பாய்க்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் துறையூர் கிளையை மூடுவதென்று முடிவாயிற்று. அங்கே வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கிளைப் பொறுப்பாளர் பெரியண்ணன் பதறிப்போய் போன் செய்தார்.

"சார், வாசல்வரைக்கும் ஆளுங்க நிக்கிறாங்க. ஒருக்கா வந்து பாருங்க சார்."

"நீங்க சொல்றது உங்க அனுபவம். நான் சொல்றது டேட்டா."

"அப்ப இங்க நிக்கிறவங்கல்லாம் யாரு சார்?"

சித்தார்த்தன் நேர்மையாக யோசித்தார். "வேடிக்கை பாக்க வந்திருப்பாங்க."

சத்திரம் பேருந்து நிலையத்தில் எப்போது போனாலும் துறையூர் பஸ் உண்டு. அவர் ஏறவில்லை.

அந்த வாரம் யமுனா பாலக்கரைக் கடையில் ஒரு ஜோடி வாங்கினாள். மறுநாளே வார் அறுந்தது. மாற்றலாமென்றால் பில்லைக் காணோம். பரவாயில்லை, வீட்டுக்காரர்தான் இருக்கிறாரே. அவர் துறையூருக்குப் போட்ட அதே குவெரியை வைத்து, அதே கிடங்கில் தேடினார்.

"நீ செருப்பே வாங்கலையே."

"கையில வச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?"

"நம்ம கடையில வாங்கலைங்கிறேன்."

"அடியில உங்க கடைப் பேரு போட்டிருக்கு. அப்ப நான் என்ன, திருடிட்டு வந்தேனா?"

"சிஸ்டத்துல இல்லையே யமுனா."

"எப்படி இருக்கும்? போன் நம்பர் கேட்டாங்க, தரலை. தந்தா தினம் மெசேஜ் அனுப்பி உயிரை வாங்குவீங்க."

சித்தார்த்தன் குவெரியை மறுபடி திறந்து பார்த்தார். பில்லையும் வாடிக்கையாளரையும் சேர்த்துக் கட்டும் கயிறு அந்த போன் நம்பர்தான். அவர் இணைத்த விதத்தில், நம்பர் இல்லாத பில்லெல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். துறையூர் சந்தைக்கு வருகிற விவசாயிகளோ, "செருப்புக்கு எதுக்குப்பா நம்பரு?" என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுத்துப் போகிறவர்கள். குவெரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். துறையூர் எழுந்து நின்றது.

கடை தப்பியது. சித்தார்த்தன் பெரியண்ணனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? அது இந்த இனத்தின் வழக்கமல்ல. புதிதாக ஒரு படம் போட்டார். பழைய படத்தோடு ஒப்பிட்டால், மாவட்டத்திலேயே மிக வேகமாக வளர்ந்த கிளை துறையூர்! பூரித்துப்போன பாய் உடனே பெரியண்ணனுக்கு போன் போட்டார்.

"என்னப்பா செஞ்சே? மத்த கிளைக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

"காலையில கடையைத் திறந்தோம் பாய்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் துறையூர் தரையோடு கிடந்ததைப் படித்தபோது, யாராவது நேரில் போய்ப் பார்க்கட்டுமே என்று தோன்றியதா, இல்லை, குவெரியில் எங்கே கோளாறு என்று தோன்றியதா? இரண்டாவது என்றால், நான் மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. முதலாவதுதான் என்கிறீர்களா? நிச்சயமாகவா?

எதை வைத்துச் சொல்கிறீர்கள்?